கடைசி நாலு பக்கம்

அந்தப் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. முன்னால் இரண்டு தாள் போயிருந்தது, பின்னால் நாலு பக்கம். நடுவில் மிஞ்சியதை வைத்து அது முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி கதை என்று கண்டுபிடித்தேன். 1984-ஆக இருக்க வேண்டும், எனக்குப் பன்னிரண்டு வயது. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஏழு வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த லைன் வீட்டில் எங்களுடையது நாலாவது. ஐந்தாவதில் கல்யாணமாகாத மூன்று அண்ணன்கள், மூன்று பேரும் வேறு வேறு ஷிப்ட். எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் அங்கே ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். "மூணு பேருக்கும் ஒரே பாய் போதும், ஆறவே விடறதில்ல" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

காமிக்ஸ் வைத்திருந்தவர் காவேரிப்பட்டணத்து அண்ணன். பிரஸ் ஷாப்பில் வேலை. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுவிட்டிருந்தன. அவரைப் போல நாலைந்து பேர் எங்கள் தெருவிலேயே இருந்ததால் அதை யாரும் உற்றுப் பார்த்ததில்லை.

மாயாவி மின்சாரக் கம்பியைத் தொடுகிறார். உடம்பு மறைகிறது. இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதந்து எதிரியின் இடத்துக்குள் நுழைகிறது. அங்கே புத்தகம் தீர்ந்துவிட்டது. நான் அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணா, அப்புறம் என்னா ஆச்சு?"

அவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார். ஓட்டைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். வில்லன் ஓடிப்போய் ஒரு பட்டறைக்குள் ஒளிகிறான். அங்கே இருநூறு டன் பிரஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. மாயாவி அவனைப் பிடிக்கக் கையை நீட்ட, கை டைக்குள் மாட்டிக்கொள்கிறது. இரும்புக்கைதான், ஆனாலும் இருநூறு டன்னுக்கு இரும்பு ஒரு பொருட்டா? மாயாவி யோசிக்கவே இல்லை. இடது கையால் திருகி, இரும்புக்கையைக் கழற்றி மிஷினிலேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறார்.

"வில்லன்?"

"அவன் எங்கியோ போறான். ஆளு வெளிய வந்துட்டான்ல, அதான் முக்கியம்."

எனக்கு அது பெரிய ஏமாற்றம். வில்லனைப் பிடிக்காத மாயாவியா? ஆனால் அச்சிட்ட முடிவு கையில் இல்லாததால் அண்ணன் சொன்னதே முடிவாக முப்பது வருடம் எனக்குள் இருந்தது.

மாயாவியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்தவர் அவர். கென் புல்மர் எழுத, ஸ்பெயின்காரர் ஜீஸஸ் பிளாஸ்கோ வரைந்தார். லூயிஸ் கிராண்டேல் என்ற ஆய்வுக்கூட உதவியாளன் விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய, கை தவிர உடம்பு முழுவதும் மறைந்துபோகிறது. கிடைத்த சக்தியை வைத்து அவன் முதலில் செய்தது திருட்டும் அட்டூழியமும்தான். நல்லவனானது பிறகு. 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழே இந்த மாயாவிதான். அவர் பிறந்த நாட்டில் அவரை மறந்து வெகுகாலம் ஆன பிறகும் தமிழ்நாட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேச ஆள் இருந்தது. ஏன் இவர், ஏன் இங்கே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். துப்பறியும் கதை ருசி, மலிவு விலை என்று காரணங்கள் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவரோ கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளையோ அல்ல இவர். வேலை செய்த இடத்தில் அடிபட்டவர். சிப்காட் வந்து, பெரிய கம்பெனிகள் வந்து, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்க நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள் முளைத்த எங்கள் ஊரில், கை போன பிறகும் கதை தொடர்ந்த ஒரு மனிதனைப் பிடித்துப்போவதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஓசூரில் வளர்வதென்றால் எதுவும் முழுசாகக் கிடைக்காமல் வளர்வது. தமிழ்நாடு முழுக்க வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் ஆண்டெனா பெங்களூரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சென்னை எங்களுக்கு எட்டாத தூரம், பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். ஆகவே எங்களுக்கு வாய்த்தது ‘சித்ரமஞ்சரி’. ஞாயிறு சாயங்காலம் கன்னடப் படம். லைன் வீட்டில் டிவி இருந்தது முதல் வீட்டில் மட்டும், அந்த வீட்டு அக்காவுக்குத் தாய்மொழி கன்னடம். படம் ஓட ஓடத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். அவளுடைய மொழிபெயர்ப்புக்கு ஒரு தணிக்கைக் குழுவும் உண்டு, அதுவும் அவள்தான். காதல் காட்சி வந்தால் "ஊருக்குப் போறத பத்திப் பேசிக்கிறாங்க" என்பாள். ராஜ்குமார் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பாடினாலும் அது ஊருக்குப் போகிற விஷயம்தான். வீட்டு ஓனரின் தாயார் தெலுங்குக்காரர். அவர் நடுவில் புகுந்து, "காது காது" என்று தெலுங்கில் மறுத்து, "அந்தப் பையன் பொய் சொல்றான்" என்று திருத்துவார். மூன்று மொழியில் மூன்று கதை ஓடும். எது டைரக்டர் எடுத்த கதை என்பது எங்கள் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஆயுத பூஜைக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். கம்பெனியில் மிஷினுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு எல்லாரும் திரும்பிய பிறகு, வாசலில் ஸ்டூலைப் போட்டு அதன் மேல் டிவி. நாலு கேசட், விடிய விடிய. எந்தக் கம்பெனியும் எல்லா மிஷினையும் ஒரே நாளில் நிறுத்திவிடாது, செகண்ட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பதினொன்றரைக்கு மேல் வந்து சேரும் ஆட்கள் இருப்பார்கள். இரண்டாவது படம் பாதி ஓடியிருக்கும். வருகிறவர் செருப்பைக் கழற்றும்போதே யாராவது ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்து, "இவன் அந்த பெரியவரோட மருமவன், நல்லவன் மாதிரி நடிக்கிறான், பாரு இப்ப" என்று சேர்த்துக்கொள்வார். படத்தைக் கெடுத்துவிட்டாய் என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை. வந்தவருக்குச் சொல்லாமல் விட்டால்தான் அது மரியாதைக் குறைவு.

இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. கேசட்டில் பாதி நேரம் படமே தெரியாது, கோடுதான் தெரியும். காமிக்ஸ் தாள் பழுப்பு, மை கையில் ஒட்டும். லைன் வீட்டில் கழிப்பறை இரண்டுதான், அதற்கும் வரிசை. அந்த வாழ்க்கையிலிருந்து வெளியே வரத்தான் அப்பாவும் நானும் உழைத்தோம். ஆனாலும் ஒரு சந்தேகம் எனக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது. அன்றைக்குக் கதையில் எங்கே ஓட்டை இருந்ததோ அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு ஓட்டையை அடைத்துவிட்டோம். அங்கே உட்கார்ந்திருந்தவர் எங்கே போனார்?

எல்லையில் இருக்கிறவனுக்கு இதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி வரும். 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ வெளியாக வேண்டியது. கமல்ஹாசன் அதைத் தியேட்டருக்கு முன்பே டிடிஎச் வழியாக வீட்டுக்கே கொண்டுவரப் பார்த்தார், ஆயிரம் ரூபாய் கட்டணம் என்று பேச்சு. தியேட்டர்காரர்கள் ஒப்பவில்லை. பிறகு இஸ்லாமிய அமைப்புகளின் எதிர்ப்பு, தமிழ்நாட்டரசின் தடை. வீட்டுக்குள் வரவிருந்த படத்தை நாங்கள் ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, பஸ் பிடித்துப் பெங்களூரில் போய்ப் பார்த்தோம். தமிழ்நாட்டில் அது பிப்ரவரி 7 அன்றுதான் வந்தது. அதற்கிடையில் கம்பெனி கேன்டீனில் எனக்குத் தனி மதிப்பு. சாம்பார் சாதத்தை வைத்துக்கொண்டு கதை சொன்னேன். நான் சொன்னதில் ஆப்கானிஸ்தான் பாதி, என் சொந்தச் சரக்கு பாதி. பிறகு படத்தைப் பார்த்த ஒரு தம்பி என்னிடம் வந்து, "அண்ணா, நீங்க சொன்ன அந்த ஹெலிகாப்டர் சீன் எங்க?" என்று கேட்டான். பெங்களூர் பிரதியில் இருந்தது என்று சொல்லித் தப்பித்தேன்.

2023 ஆகஸ்ட் 10, ‘ஜெயிலர்’. நம் பக்கம் முதல் காட்சி ஒன்பது மணிக்கு, பெங்களூரில் ஆறு மணிக்கே. எங்கள் தெருப் பையன்கள் இருட்டோடு பைக்கில் கிளம்பிப்போய், நம்மூரில் முதல் காட்சிக்குக் கதவு திறக்கும்போது ரஜினியின் கடைசிக் காட்சியையே பார்த்து முடித்திருந்தார்கள். 2025 ஜூன் 5, ‘தக் லைஃப்’. இந்த முறை தலைகீழ். தமிழிலிருந்து கன்னடம் பிறந்தது என்று கமல் பேசியதால் கர்நாடகத்தில் படம் வெளியாகவில்லை. பெங்களூர் நண்பர்கள் இரண்டு பேர் ஓசூருக்கு வந்து, படம் பார்த்து, என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு இலையில் உட்கார்ந்து நாங்கள் பேசியது முழுக்க பிரியாணியைப் பற்றி. படத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லை தாண்டி வந்தவர்களிடம் உண்மையைச் சொல்ல மனம் வராது.

பேச்சோடு பேச்சாக இன்னொன்று. லயன், முத்து காமிக்ஸ்களில் டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் கேப்டன் டைகரும் குதிரையில் போகிற அந்தப் பாறைக் காடு எங்கே இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. எனக்கு அது கிருஷ்ணகிரி. சூளகிரி தாண்டி நெடுஞ்சாலையில் போகும்போது இரு பக்கமும் உருண்டைப் பாறைகள் அடுக்கி வைத்த மாதிரி மலைகள் வரும். அவற்றின் பின்னாலிருந்து டெக்ஸ் எந்த நிமிடமும் வெளிப்படலாம். பெரியவனான பிறகு தெரிந்தது, டெக்ஸை உண்டாக்கியவர்கள் இத்தாலிக்காரர்கள், லக்கி லூக்கின் மோரிஸ் பெல்ஜியக்காரர், டைகர் பிரெஞ்சில் வந்தவர். அமெரிக்காவைத் தூரத்திலிருந்து கற்பனை செய்தவர்கள் வரைந்த அமெரிக்காவை நாங்கள் கிருஷ்ணகிரியில் வைத்துப் பார்த்திருக்கிறோம். ‘ஷோலே’ எடுத்தவர்களும் இதே போன்ற பாறைகளைத் தேடி இந்தப் பக்கம் ராமநகரத்துக்குத்தான் வந்தார்கள். சிம்புதேவன் 2010-இல் ‘இரும்புக்கோட்டை முரட்டுசிங்கம்’ எடுத்தபோது, தமிழ் பேசும் கௌபாயைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. கௌபாய்கள் எப்போதுமே தமிழ்தான் பேசினார்கள்.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2020 நவம்பர் 12 அன்று ‘சூரரைப் போற்று’ நேராக வீட்டுக்கு வந்தது. நான் ஹாலில், மகள் அவள் அறையில். இரண்டு திரை, ஒரே படம். அவள் என்னைவிட இருபது நிமிடம் முன்னால் இருந்தாள். திடீரென்று அவள் அறையிலிருந்து கைதட்டல் கேட்கும். எனக்கு இன்னும் வராத ஒரு காட்சி நன்றாக இருக்கப்போகிறது என்று அதை வைத்துத் தெரிந்துகொண்டேன். அவள் சில படங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விடுவாள். கேட்டால், "எப்படியும் முடிவு தெரியணும்லப்பா" என்பாள். அவளைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. சிவகாசிக்குச் சந்தா கட்டி மாதாமாதம் பார்சல் வாங்குகிறேன். வழவழத் தாள், முழு வண்ணம், பக்கம் ஒன்றுகூடக் குறையாது. அதில் பாதிக்கு மேல் பிரிக்காமலேயே பீரோவில் அடுக்கியிருக்கிறேன். நினைவு தப்பிய ஒருவன் தன்னைத் தேடி அலையும் ‘இரத்தப் படலம்’ எண்பதுகளிலிருந்து பாகம் பாகமாக வந்து, எங்களைக் காத்துக் காத்துக் கிறுக்காக்கிய கதை. 2010-இல் பதினெட்டு பாகமும் ஒரே தொகுப்பாக, செங்கல் கனத்தில், கருப்பு வெள்ளையில் வந்தது. எத்தனை வருடக் காத்திருப்பு! நான் பதினொன்றாவது பாகத்தோடு மூடி வைத்தேன். இன்னும் திறக்கவில்லை. கிடைக்காதபோது முடிவு தெரியாமல் தவித்தவன், கிடைத்த பிறகு முடிவைத் தொடாமல் வைத்திருக்கிறான். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. சோம்பல் என்று மனைவி சொல்கிறாள்.

அப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. ஃபோர்ஜிங்கில் முப்பது வருடம் சுத்தியல் சத்தத்துக்கு நடுவில் நின்றவர், காது மந்தம். மெஷின் வைத்துக் கொடுத்தோம், இரைச்சல்தான் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். கீழே ஓடும் ஆங்கில எழுத்து அவருக்கு ஆகாது. ஆகவே அவர் படம் பார்க்க உட்கார்ந்தால் மகள் வந்து அவருடைய வலது காதுப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறாள். ஒன்றரை வேகக்காரி, அன்றைக்கு மட்டும் நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறாள். ஃபகத் ஃபாசில் மலையாளத்தில் இரண்டு நிமிடம் மூச்சுவிடாமல் பேசி முடிப்பார். அவள் தாத்தாவின் காதருகே குனிந்து, "கடன் குடுக்க முடியாதுங்கிறான் தாத்தா" என்று சத்தமாகச் சொல்வாள்.

"அவ்ளோதானா? அதுக்கு ஏன் இவ்ளோ பேசறான்?"

"பேசினாத்தான் நடிப்புன்னு நெனைப்பாங்க."

அவர் தொடையில் தட்டிச் சிரிப்பார். ஒருநாள் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொல்வதற்கும் படத்தில் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு சாவு வீட்டுக் காட்சியை, "எல்லாரும் ஊருக்குக் கிளம்பறாங்க தாத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் வீட்டு அக்காவை அவள் பார்த்ததே கிடையாது.

எங்கள் ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிக்குச் சினிமா என்றாலே ஆகாது. அவர் எழுதிய ‘திக்கற்ற பார்வதி’யையே அவர் போன பிறகு, 1974-இல் படமாக எடுத்தார்கள், அதுவும் தொரப்பள்ளியிலேயே. தன் கதை கடைசியில் யார் கையில் போய் முடியும் என்பது எழுதியவருக்கும் தெரியாது.

மாயாவிக்கு வருகிறேன். பழைய கதைகள் மறுபதிப்பாக வரத் தொடங்கியபோது ஒவ்வொன்றாக வாங்கிப் புரட்டினேன். மூன்றாவதோ நான்காவதோ, நடுப்பக்கத்தைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. அதே கம்பி, அதே அந்தரத்தில் மிதக்கும் கை. கடைசி நாலு பக்கமும் இருந்தன. படித்தேன். பட்டறை இல்லை, பிரஸ் இல்லை. கை எதிலும் மாட்டவில்லை. வில்லன் பிடிபடுகிறான், போலீஸ் வருகிறது, மாயாவி அடுத்த வேலைக்குக் கிளம்புகிறார். இரண்டாவது முறையும் படித்தேன். அப்போதுதான், முப்பது வருடம் கழித்து, அண்ணனுடைய வலது கை ஞாபகத்துக்கு வந்தது. அவர் எனக்குச் சொன்னது மாயாவி கதை இல்லை. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது புரிய நியாயமில்லை. நாற்பது வயது வரை புரியாமல் இருந்ததற்கு நியாயம் கிடையாது.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குக் காவேரிப்பட்டணம் போனேன். விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். வேலையை விட்டு வந்து பல வருடமாகிவிட்டது, சொந்தக்காரர் ஒருவரின் மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். மரங்களில் பூ எடுத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை, அம்மா பெயரைச் சொன்னதும் தெரிந்தது. "நாலாவது வீட்டுப் பையனா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாதி விரல்கள் என் மணிக்கட்டில் அழுத்தின.

காமிக்ஸ் பற்றிக் கேட்டேன். வாங்கியது ஞாபகமிருக்கிறது, பஸ் ஸ்டாண்டு பழைய பேப்பர்க்காரரிடம் எடை போட்டு வாங்கினாராம். எனக்குக் கதை சொன்னது சுத்தமாக ஞாபகமில்லை. பிரஸ்ஸையும் கையைக் கழற்றியதையும் சொன்னேன். "நானா? அப்படியா சொன்னேன்?" என்று சிரித்தார். தன் கையை அவர் பார்க்கவில்லை, நானும் அதைப் பற்றிப் பேசவில்லை.

காபி வந்தது. குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தவர் திடீரென்று கேட்டார்.

"நெஜமா எப்படித்தான் முடிஞ்சுது அது?"

வில்லன் பிடிபட்டதையும் போலீஸ் வந்ததையும் சொன்னேன்.

"இதுக்கா நாலு பக்கம்?" என்றார்.